மருந்துச் சீட்டும் பெண்ணின் முடிவும்: அமெரிக்காவில் கருத்தடை மாத்திரை விற்பனை பற்றிய அரசியல் விவாதம்

கருத்தடை மாத்திரையை உலகிலேயே முதன்முதலாக விற்பனைக்கு அனுமதித்த நாடு அமெரிக்கா. 1960ஆம் ஆண்டில் அந்நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ‘எனோவிட்’ என்னும் மாத்திரையைக் கருத்தடைக்கு உரியதாக ஏற்றது. ஆயினும், நாள்தோறும் உட்கொள்ளும் கருத்தடை மாத்திரை ஒன்றை மருத்துவரின் சீட்டு இல்லாமலே கடையில் விற்கலாம் என்னும் அனுமதி அங்கே கிடைப்பதற்கு 2023ஆம் ஆண்டு ஜூலை வரை, அதாவது 63 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தத் தாமதத்துக்கு மருத்துவக் காரணங்கள் சில இருந்தன; அவற்றைவிட வலுவான அரசியல் காரணங்கள் இருந்தன. சீட்டில்லா விற்பனையை முதலில் வலியுறுத்தியோர் பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர்களும் மகப்பேற்று மருத்துவர்களும் ஆவர். இடைக்காலத்தில் அதே கோரிக்கையைத் தேர்தல் மேடைகளில் முழங்கியோர் கருக்கலைப்பை எதிர்த்துவந்த குடியரசுக் கட்சி வேட்பாளர்கள். அப்போது அவர்களை எதிர்த்து நின்றதோ பெண்ணுரிமை அமைப்புகளுள் ஒரு பகுதி. இவ்வாறு அணிகள் இடம் மாறி நின்ற ஒரு விவாதத்தில், எது மருத்துவக் கேள்வி, எது பணம் பற்றிய கேள்வி, எது அறநெறிக் கேள்வி என்று பிரித்து அறியாமல் தீர்ப்புச் சொல்ல இயலாது. அவ்வாறு பிரித்துப் பார்க்கும்போது, மருத்துவக் கேள்விக்குரிய விடை பெரும்பாலும் கிடைத்துவிட்டது என்பதும், எஞ்சி நிற்பவை மாத்திரையின் விலையை யார் ஏற்பது, பெண்ணின் முடிவை யார் மதிப்பது என்னும் இரண்டு கேள்விகளே என்பதும் விளங்கும்.

சட்டம் வகுத்த இரு பிரிவுகள்

அமெரிக்கச் சட்டம் மருந்துகளை இரண்டே வகையாகப் பிரிக்கிறது. 1951இல் நிறைவேறிய டர்ஹாம்–ஹம்ப்ரி திருத்தத்தின்படி, மருத்துவரின் மேற்பார்வை இன்றிப் பயன்படுத்தினால் தீங்கு விளையக்கூடிய மருந்துகள் சீட்டின்பேரில் மட்டுமே விற்கப்பட வேண்டும். ஏனையவற்றை எவரும் கடையில் நேரடியாக வாங்கலாம். இத்திருத்தத்தை முன்மொழிந்த கார்ல் டர்ஹாம், ஹூபர்ட் ஹம்ப்ரி ஆகிய இருவருமே அரசியலுக்கு வருமுன் மருந்தாளுநர்களாகப் பணியாற்றியவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. சட்டத்தின் இந்த அமைப்பில் ஓர் அடிப்படைக் கருத்து பொதிந்துள்ளது: சீட்டு வேண்டும் என்பதற்குத்தான் காரணம் காட்டப்பட வேண்டும், காரணம் இல்லாதபோது வாங்குபவரின் விருப்பமே போதுமானது.

நடைமுறையிலோ சுமை திரும்பிவிடுகிறது. ஒரு மருந்து தொடக்கத்தில் சீட்டு மருந்தாக அனுமதிக்கப்பட்டிருந்தால், அதை மறு பிரிவுக்கு மாற்றக் கோருபவரே அதன் பாதுகாப்பை நிறுவ வேண்டியுள்ளது. இதற்காக மூன்று வகை ஆய்வுகள் கேட்கப்படுகின்றன. உறையில் அச்சிட்ட குறிப்பைச் சாதாரண மனிதர் புரிந்துகொள்கிறாரா என்பது ஒன்று. அதைப் படித்தபின் இந்த மருந்து தமக்கு ஏற்றதா, அன்றா என்பதைச் சரியாக முடிவு செய்கிறாரா என்பது இரண்டாவது. வீட்டில் அதை உரிய முறையில் உட்கொள்கிறாரா என்பது மூன்றாவது. இவ்வாய்வுகளுக்குப் பல ஆண்டுகளும் பெரும் பணமும் தேவை. மேலும், நடைமுறையில் இந்த மாற்றம் மருந்து நிறுவனம் ஒன்றின் விண்ணப்பத்தைச் சார்ந்தே நிகழ்கிறது. ஆகவே, ‘மாத்திரையைக் கடைக்குக் கொண்டுவருவோம்’ என்று வேட்பாளர்கள் தேர்தலில் அளித்த வாக்குறுதியை அவர்கள் மட்டும் நிறைவேற்றிவிட இயலாது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

பிரிட்டனில் இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது பிரிவு ஒன்று உண்டு. சீட்டு தேவையில்லை, ஆனால் மருந்தாளுநரின் மேற்பார்வையில் மட்டுமே விற்க முடியும் என்பது அதன் இயல்பு. அமெரிக்கச் சட்டத்தில் இத்தகைய இடைநிலை இல்லாததால், மாநிலங்கள் வேறு வழி தேடின. ஆரிகன், கலிஃபோர்னியா ஆகிய மாநிலங்கள் 2016இல் மருந்தாளுநரே கருத்தடை மாத்திரைக்குச் சீட்டு எழுதும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. பின்னர் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இதைப் பின்பற்றின. சீட்டு என்னும் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு அதை எழுதும் கையை மட்டும் மாற்றிய ஏற்பாடு இது.

மருத்துவம் சொல்வது

கருத்தடை மாத்திரைகள் அனைத்தும் ஒன்றல்ல. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் ஆகிய இரு ஹார்மோன்களும் சேர்ந்தது கூட்டு மாத்திரை. புரோஜெஸ்டின் மட்டுமே உள்ளது மற்றொரு வகை. புரோஜெஸ்டின் கருப்பை வாயிலுள்ள சளியைத் தடிக்கச் செய்து விந்தணு உட்செல்வதைத் தடுக்கிறது. பலரிடத்தில் கருமுட்டை வெளிப்படுவதையும் நிறுத்துகிறது. பாதுகாப்புப் பற்றிய கவலைகளில் பெரும்பகுதி ஈஸ்ட்ரோஜனைச் சார்ந்தது. அது இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டுகிறது. ஆகையால் புகைபிடிக்கும் 35 வயதுக்கு மேற்பட்ட பெண்களும், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும், பார்வை மங்கல் போன்ற முன்னறிகுறிகளுடன் ஒற்றைத் தலைவலி வருபவர்களும் கூட்டு மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். புரோஜெஸ்டின் மட்டுமே உள்ள மாத்திரைக்கு இத்தகைய தடைகள் மிகக் குறைவு. மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களும் முன்பு அந்நோய் வந்தவர்களும் தவிர்க்க வேண்டும் என்பதே அவற்றுள் முதன்மையானது. அதன் குறை வேறிடத்தில் உள்ளது. நாள்தோறும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உட்கொள்ள வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு மேல் தவறினால் மாற்றுப் பாதுகாப்பு தேவைப்படும்.

மருத்துவரைக் காண்பது அவசியம் என்போர் நெடுங்காலம் முன்வைத்த வாதம், அந்தச் சந்திப்பில்தான் இடுப்பறைப் பரிசோதனையும் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையும் நடைபெறும் என்பதாகும். இப்பரிசோதனைகள் பயனுடையவை, ஆனால் மாத்திரை உட்கொள்வதற்கும் அவற்றுக்கும் மருத்துவத் தொடர்பு இல்லை. ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றைக் கட்டாயமாக்குவது, பரிசோதனைக்கு வர இயலாத பெண்ணுக்குக் கருத்தடையையும் மறுப்பதாகவே முடியும். அமெரிக்க மகப்பேறு மற்றும் மகளிர் நோய் மருத்துவர் கல்லூரி இவ்வாறு சிந்தித்தே 2012 டிசம்பரில் கருத்தடை மாத்திரையைச் சீட்டின்றி விற்கலாம் என்று அறிவித்தது. 2019இல் அந்நிலைப்பாட்டை ஒட்டுப் பட்டை, வளையம், ஊசி ஆகியவற்றுக்கும் விரித்து, வயது வரம்பு வேண்டாம் என்றும் சேர்த்தது. அதே 2019இல் உலகச் சுகாதார நிறுவனம் தன் சுயபராமரிப்பு வழிகாட்டுதலில் இக்கருத்தையே பரிந்துரைத்தது.

பெண்கள் தாமாக முடிவெடுத்தால் என்ன நேரும் என்பதை அறிய இயற்கையான ஆய்வுக்களம் ஒன்று கிடைத்தது. டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோ நகரமும் மெக்சிகோவின் சியூடாட் ஹுவாரெஸ் நகரமும் எல்லையின் இரு புறமும் ஒட்டி அமைந்தவை. எல் பாசோப் பெண்களில் ஒரு பகுதியினர் தம் ஊரிலுள்ள பொது மருத்துவ நிலையங்களில் மாத்திரை பெற்றனர். மற்றொரு பகுதியினர் எல்லை கடந்து மெக்சிகோவின் மருந்துக்கடைகளில் சீட்டின்றி வாங்கினர். இரு பிரிவினரையும் தொடர்ந்து கவனித்த ஆய்வு, சீட்டின்றி வாங்கியோரே மாத்திரையை இடையில் நிறுத்தாமல் தொடர்ந்தனர் என்று 2011இல் தெரிவித்தது. உயர் இரத்த அழுத்தம் போன்ற, கூட்டு மாத்திரைக்கு ஓரளவு பொருந்தாத நிலைகள் சீட்டின்றி வாங்கியோரிடம் சற்றே கூடுதலாக இருந்தன என்பதையும் அதே ஆய்வுத் தொடர் காட்டியது. இவ்விரண்டு முடிவுகளையும் சேர்த்துப் பார்த்தால், முதலில் கடைக்கு வரவேண்டியது தடைகள் குறைந்த புரோஜெஸ்டின் மாத்திரையே என்னும் முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்ததன் காரணம் விளங்கும்.

அவசரகால மாத்திரை: முன்னோடி வழக்கு

நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரைக்கு முன்னரே, பாதுகாப்பற்ற உறவுக்குப் பின் உட்கொள்ளும் அவசரகால மாத்திரை இந்த அரசியலின் முழு வேகத்தையும் சந்தித்தது. ‘பிளான் பி’ என்னும் அம்மாத்திரை 1999இல் சீட்டு மருந்தாக அனுமதி பெற்றது. அதைச் சீட்டின்றி விற்கலாமா என ஆராய்ந்த வல்லுநர் குழு 2003 டிசம்பரில் 23க்கு 4 என்ற வாக்குகளால், விற்கலாம் என்று பரிந்துரைத்தது. வல்லுநர் குழுவின் பரிந்துரையை உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பெரும்பாலும் ஏற்பதே வழக்கம். ஆனால் 2004 மே மாதத்தில் அதன் உயர் அதிகாரிகள், இளம் பருவத்தினர் பற்றிய தரவு போதாது என்று கூறி மறுத்தனர். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2005இல் வெளியிட்ட அறிக்கை, இந்த முடிவு எடுக்கப்பட்ட முறை வழக்கத்துக்கு மாறானது என்று கண்டது. அதே ஆண்டில், முடிவு மீண்டும் தள்ளிவைக்கப்பட்டதைக் கண்டித்து, நிர்வாகத்தின் மகளிர் நலப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த சூசன் உட் பதவி விலகினார். ஹிலாரி கிளிண்டன், பேட்டி மர்ரி ஆகிய செனட்டர்கள் நிர்வாகத்தின் புதிய தலைவரின் நியமனத்தை நிறுத்திவைத்து அழுத்தம் கொடுத்த பின்னரே, 2006 ஆகஸ்டில் 18 வயது நிரம்பியோருக்கு அனுமதி கிட்டியது.

தடை ஒரு கட்சிக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஒபாமாவின் ஆட்சியில், 2011 டிசம்பரில், எல்லா வயதினருக்கும் அனுமதி அளிக்க நிர்வாகத்தின் தலைவர் மார்கரெட் ஹாம்பர்க் முன்வந்தபோது, சுகாதாரத் துறைச் செயலாளர் கேத்லீன் செபேலியஸ் அந்த முடிவை ரத்து செய்தார். அதிபரும் பெண் குழந்தைகளின் தந்தை என்ற முறையில் அதை ஆதரித்துப் பேசினார். மறு ஆண்டு அதிபர் தேர்தலை எதிர்நோக்கியிருந்த ஓர் ஆட்சியின் அச்சம் இதில் தெரிந்தது. இறுதியில், நியூயார்க்கில் இருந்த கூட்டாட்சி நீதிபதி எட்வர்ட் கோர்மன் 2013 ஏப்ரலில் வயது வரம்பை நீக்க ஆணையிட்டார். ஜூன் மாதத்தில் அரசு மேல்முறையீட்டைக் கைவிட்டது.

இவ்வழக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. அறிவியல் குழுவின் முடிவை இரு கட்சி ஆட்சிகளும் தத்தம் தேர்தல் கணக்குக்காகப் புறந்தள்ளின என்பது முதலாவது. எதிர்ப்புக்கு அடிப்படையாக இருந்த நம்பிக்கை ஒன்று அறிவியலால் மெல்லத் தளர்ந்தது என்பது இரண்டாவது. இம்மாத்திரை கருவுற்ற முட்டை கருப்பையில் பதிவதைத் தடுக்கக்கூடும் என்ற பழைய குறிப்பைக் காட்டியே சமயக் குழுக்கள் இதைக் கருக்கலைப்புக்கு நிகராகக் கருதின. அது கருமுட்டை வெளிப்படுவதைத் தள்ளிப்போடுகிறதேயன்றி பதிவதைத் தடுப்பதில்லை என்று 2022 டிசம்பரில் நிர்வாகம் மருந்துக் குறிப்பைத் திருத்தியது.

அணிகள் இடம் மாறிய காலம்

2010இல் நிறைவேறிய சுகாதாரக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ், 2012 ஆகஸ்ட் முதல், பெரும்பாலான காப்பீட்டுத் திட்டங்கள் கருத்தடை முறைகளுக்குரிய செலவைப் பெண்ணிடம் எதுவும் வாங்காமல் முழுமையாக ஏற்க வேண்டும் என்ற விதி வந்தது. தங்கள் சமய நம்பிக்கைக்கு எதிரான ஒன்றுக்குத் தங்கள் பணம் செல்வதாகச் சில முதலாளிகள் வழக்குத் தொடுத்தனர். 2014 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் ‘ஹாபி லாபி’ வழக்கில் 5க்கு 4 என்ற பெரும்பான்மையால் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

குடியரசுக் கட்சியினர் சீட்டில்லா விற்பனையை ஏந்திக்கொண்டது இந்தப் பின்னணியில்தான். லூசியானா ஆளுநர் பாபி ஜிண்டால் 2012 டிசம்பரில் பத்திரிகைக் கட்டுரை ஒன்றில், மாத்திரையைக் கடையில் தாராளமாக விற்றுவிட்டால் முதலாளியின் காப்பீட்டுக் கடமையும் அதனால் எழும் சமயச் சண்டையும் இல்லாமற்போகும் என்று வாதிட்டார். 2014 செனட் தேர்தலில் கொலராடோவின் கோரி கார்ட்னர், வட கரோலினாவின் தாம் டில்லிஸ், வர்ஜீனியாவின் எட் கில்லெஸ்பி முதலியோர் இதையே தம் வாக்குறுதியாக்கினர். பெண்களுக்கு எதிரானவர்கள் என்று தம்மீது எதிரணி சுமத்திய குற்றச்சாட்டுக்கு இது அவர்களுக்கு ஒரு விடையாகப் பயன்பட்டது. கார்ட்னரும் டில்லிஸும் வென்றனர்.

எதிரணியின் பதில் மாத்திரையின் பாதுகாப்பைப் பற்றியதாக இருக்கவில்லை. விலையைப் பற்றியதாகவே இருந்தது. சீட்டு மருந்தாக உள்ளவரை காப்பீடு முழுச் செலவையும் ஏற்கிறது. கடை மருந்தானால், சீட்டு இல்லாதபோது காப்பீடு பணம் தராது. ஆகவே வேட்பாளர்களின் திட்டம் செலவைப் பெண்ணின் பையிலிருந்து எடுக்கும் தந்திரம் என்று, இனப்பெருக்க நலச் சேவை அளிக்கும் ‘பிளான்ட் பேரன்ட்ஹுட்’ அமைப்பு குற்றம் சாட்டியது. 2015இல் இரு அணிகளும் தனித்தனி மசோதாக்களைக் கொண்டுவந்தன. செனட்டர்கள் கெல்லி அயோட், கார்ட்னர் ஆகியோரின் மசோதா, விண்ணப்பிக்கும் நிறுவனங்களுக்கு விரைவான பரிசீலனையும் கட்டண விலக்கும் அளித்தது. பேட்டி மர்ரியின் மசோதா, கடையில் வாங்கினாலும் காப்பீடு தொடர வேண்டும் என்றது. சீட்டில்லா விற்பனையை முதலில் ஆதரித்த மகப்பேறு மருத்துவர் கல்லூரியே, காப்பீட்டை இழந்து பெறும் சீட்டில்லா விற்பனையைத் தன்னால் ஏற்க இயலாது என்று அறிவித்தது. 2019 ஜூனில் இடதுசாரி உறுப்பினர் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்ட்டெஸ் வெளிப்படையாக இக்கோரிக்கையை எழுப்பியபோது, வலதுசாரி செனட்டர் டெட் குரூஸ் கூட்டாக மசோதா கொண்டுவரத் தயார் என்றார். இருவர் பெயரிலும் அத்தகைய சட்டம் எதுவும் வரவில்லை. கொள்கையில் ஒன்றுபட்டவர்களைப் பணக் கேள்வி பிரித்துவைத்தது.

ஓபில்: அனுமதியும் அதன் தருணமும்

உண்மையான மாற்றம் அரசியல் மேடைக்கு வெளியே உருவாகிக்கொண்டிருந்தது. 2004 முதல் செயல்பட்டுவந்த ஆய்வாளர் கூட்டணி ஒன்று சான்றுகளைத் திரட்டியது. ‘ஐபிஸ்’ என்னும் இனப்பெருக்க நல ஆய்வு அமைப்பு 2016இல் ‘எச்.ஆர்.ஏ. பார்மா’ என்னும் பிரெஞ்சு நிறுவனத்துடன் கைகோத்தது. அவர்கள் தேர்ந்தெடுத்தது 0.075 மில்லிகிராம் நார்ஜெஸ்ட்ரெல் என்னும் புரோஜெஸ்டின் மட்டுமே கொண்ட ‘ஓபில்’. 1973இல் அனுமதி பெற்று, பின்னர் வணிகக் காரணங்களால் சந்தையிலிருந்து விலக்கப்பட்டிருந்த பழைய மாத்திரை அது.

விண்ணப்பம் 2022 ஜூலையில் அளிக்கப்பட்டது. கருக்கலைப்பைப் பெண்ணின் அரசியலமைப்பு உரிமையாக ஏற்ற அரை நூற்றாண்டுத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ‘டாப்ஸ்’ வழக்கில் மாற்றியெழுதி அப்போது சில வாரங்களே ஆகியிருந்தன. அத்தீர்ப்பில் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், திருமணமான இணையருக்குக் கருத்தடை உரிமையை 1965இல் உறுதிசெய்த ‘கிரிஸ்வோல்ட்’ தீர்ப்பையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று தனியாக எழுதியிருந்தார். கருத்தடை உரிமையைச் சட்டமாக்கும் மசோதா அதே ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 228க்கு 195 என்ற வாக்குகளால் நிறைவேறியது. 2024 ஜூனில் செனட்டில் தேவையான 60 வாக்குகளை எட்டாமல் நின்றது. கருக்கலைப்பு பல மாநிலங்களில் தடைசெய்யப்பட்ட நிலையில், வேண்டாத கருவைத் தவிர்க்கும் வழி எளிதாக வேண்டும் என்ற கோரிக்கை முன் எப்போதையும்விட வலுப்பெற்றது.

2023 மே மாதத்தில் கூடிய வல்லுநர் குழுவின் முன் நிர்வாகத்தின் ஆய்வாளர்களே சில ஐயங்களை வைத்தனர். பயன்பாட்டு ஆய்வில் கலந்துகொண்டோரில் பலர் தமக்கு வழங்கப்பட்டதைவிடக் கூடுதலான மாத்திரைகளை உட்கொண்டதாகப் பதிவு செய்திருந்தனர். இதனால் தரவின் நம்பகம் கேள்விக்குள்ளானது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் தவிர்க்க வேண்டும் என்பதை அவர்கள் உணர்வார்களா, வளரிளம் பெண்கள் குறிப்பைப் புரிந்துகொள்வார்களா என்பனவும் கேட்கப்பட்டன. இவற்றை எடைபோட்ட குழு, கருவுறுதலைத் தடுப்பதன் நன்மை இந்த ஐயங்களைவிடப் பெரிது என்று 17க்கு 0 என்ற வாக்குகளால் முடிவு செய்தது. அமெரிக்காவில் ஆண்டுதோறும் நிகழும் ஏறத்தாழ 61 லட்சம் கருவுறுதல்களில் பாதிக்கு அருகில் திட்டமிடப்படாதவை என்று சுட்டிக்காட்டி, நிர்வாகம் 2023 ஜூலை 13 அன்று வயது வரம்பின்றி அனுமதி வழங்கியது.

விலை என்னும் எஞ்சிய தடை

2024 மார்ச் மாதத்தில் ஓபில் கடைகளுக்கு வந்தபோது, ஒரு மாத அட்டையின் பரிந்துரை விலை 19.99 டாலர், மூன்று மாத அட்டைகள் 49.99 டாலர். காப்பீடு உள்ள பெண் சீட்டின்பேரில் மாத்திரையை இலவசமாகப் பெறலாம். சீட்டு பெற இயலாதவரே இந்த விலையைக் கொடுக்க வேண்டும். மருத்துவரைக் காண விடுப்பு கிடைக்காத தொழிலாளி, குழந்தையை விட்டுச் செல்ல ஆளில்லாத தாய், காப்பீடே இல்லாத குடியேறியவர் ஆகியோரே சீட்டில்லா விற்பனையால் பெரிதும் பயனடைய வேண்டியவர்கள் என்பதால், விலைச் சுமை அவர்கள்மேல் விழுவது இந்தச் சீர்திருத்தத்தின் நோக்கத்துக்கே முரணானது.

போட்டி பெருகினால் விலை தானே குறையும் என்பது சந்தை ஆதரவாளர்களின் மறுமொழி. ஒவ்வாமைக்குரிய ‘லோரடடீன்’ மாத்திரை 2002இல் கடை மருந்தானபின் விலை குறைந்ததை அவர்கள் சான்று காட்டுகின்றனர். அது உண்மையே, ஆனால் அப்போது காப்பீடுகள் அம்மருந்துக்குப் பணம் தருவதை நிறுத்தியதும் உண்மை. கருத்தடை மாத்திரையைப் பல ஆண்டுகள் இடைவிடாது வாங்க வேண்டியிருப்பதால், சிறு விலையும் காலப்போக்கில் பெருந்தொகையாகிறது. மேரிலாந்து, கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் கடையில் சீட்டின்றி வாங்கும் கருத்தடைக்கும் காப்பீடு பணம் தர வேண்டும் என்று சட்டம் இயற்றின. இதை நாடு முழுவதற்கும் விரிக்கும் வரைவு விதியை பைடன் அரசு 2024 அக்டோபரில் வெளியிட்டது. ஆட்சி மாறும் வேளையில், 2025 ஜனவரியில், அது திரும்பப் பெறப்பட்டது.

எதிர்ப்பின் வகைகள்

சீட்டில்லா விற்பனையை எதிர்ப்போர் அனைவரையும் ஒரே தட்டில் வைப்பது முறையன்று. கத்தோலிக்க ஆயர் பேரவை போன்ற சமய அமைப்புகள் கருத்தடையையே அறநெறிக்கு மாறாகக் கருதுகின்றன. மருத்துவ மேற்பார்வை குறையும் என்ற வாதத்தையும் அவை சேர்த்து முன்வைக்கின்றன. தம் நம்பிக்கையின்படி வாழ அவ்வமைப்பினருக்கு உள்ள உரிமை ஐயத்துக்கு இடமற்றது. ஆனால் அந்த உரிமை, அந்நம்பிக்கையைப் பகிராத பிறருடைய வழியை மறிக்கும் உரிமையாக நீள்வதற்கு நியாயம் இல்லை.

பெற்றோரின் கவலை வேறு வகையானது. தங்களுக்குத் தெரியாமல் மகள் மாத்திரை வாங்குவதை அவர்கள் அஞ்சுகின்றனர். இந்த அச்சத்தை இகழ்வது தவறு. எனினும், வளரிளம் பெண்ணுக்கு மாத்திரையால் வரும் தீங்கைவிட வேண்டாத கருவால் வரும் தீங்கு பெரிது என்பதே மருத்துவ அமைப்புகளின் கணிப்பு. பெற்றோரிடம் பேச இயலாத குடும்பச் சூழலில் வாழும் பெண்ணுக்கே தனியுரிமைப் பாதுகாப்பு மிகுதியாகத் தேவைப்படுகிறது.

மிகவும் கவனிக்கப்பட வேண்டியது, பெண்களிடமிருந்தே எழுந்த ஐயம். 1956 முதல் போர்ட்டோ ரிக்கோவின் ஏழைப் பெண்களிடம் இம்மாத்திரை மிகுந்த அளவு ஹார்மோனுடன் சோதிக்கப்பட்டது. பக்க விளைவுகள் பற்றிய அவர்களுடைய முறையீடுகள் உரிய கவனம் பெறவில்லை. 1970இல் செனட்டர் கேலார்ட் நெல்சன் மாத்திரையின் ஆபத்துகள் குறித்து விசாரணை நடத்தியபோது, மாத்திரை உட்கொண்ட பெண்கள் ஒருவரும் சாட்சியாக அழைக்கப்படாததைக் கண்டித்து இளம் பெண்கள் அவையிலேயே குரல் எழுப்பினர். ஆபத்துகளை விளக்கும் குறிப்புத் தாள் மாத்திரையுடன் பெண்ணின் கைக்கே வரவேண்டும் என்ற விதி அப்போராட்டத்தின் விளைவு. இந்த வரலாற்றைச் சுட்டி மருத்துவ மேற்பார்வை வேண்டும் என்போர் உண்டு. ஆனால் அதே வரலாறு, மேற்பார்வை இருந்த காலத்திலும் பெண்களைக் காத்தது மருத்துவரின் மௌனம் அன்று, அவர்கள் போராடிப் பெற்ற தகவலே என்பதையும் காட்டுகிறது.

பிற நாடுகளும் தமிழ்நாடும்

147 நாடுகளின் நிலையை ஒப்பிட்டு 2013இல் வெளியான ஆய்வின்படி, 31 விழுக்காட்டு நாடுகளில் மட்டுமே மாத்திரைக்குச் சீட்டு உண்மையில் கட்டாயமாக இருந்தது. பிரிட்டன் 2021 ஜூலையில் புரோஜெஸ்டின் மாத்திரை இரண்டை மருந்தாளுநர் வழியாக விற்க அனுமதித்தது. இந்தியாவில் ‘மாலா-டி’ போன்ற மாத்திரைகள் பல பத்தாண்டுகளாகச் சீட்டின்றி மலிவாக விற்கப்படுகின்றன. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆய்வு நிறுவனம் உருவாக்கிய, ஹார்மோன் அல்லாத ‘சஹேலி’ 1990களின் தொடக்கம் முதல் புழக்கத்தில் உள்ளது. ‘ஆஷா’ எனப்படும் சமூக சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே சென்று மாத்திரைகளைச் சேர்க்கின்றனர்.

ஆயினும் சட்டம் வழிவிட்டாலும் கடை வழிவிடாத நிலை உண்டு என்பதற்குத் தமிழ்நாடே சான்று. அவசரகால மாத்திரை 2005 முதல் இந்தியாவில் சீட்டின்றி விற்கத்தக்கது. சட்டத்தடை இல்லாதபோதும், சென்னை உட்பட மாநிலத்தின் மருந்துக்கடைகள் பலவற்றில் அது வைக்கப்படுவதில்லை என்பதைச் செய்தித்தாள்கள் பல ஆண்டுகளாகப் பதிவு செய்துவருகின்றன. கடைக்காரரின் தயக்கமும் கேட்கவரும் பெண்மீது விழும் பார்வையும் எழுதப்படாத தடையாக இங்கே நிற்கின்றன. 1930ஆம் ஆண்டளவிலேயே கருத்தடையை வெளிப்படையாக ஆதரித்து எழுதிய பெரியார், பிறர் உடல்நலத்தையும் வறுமையையும் காரணம் காட்டியபோது, பெண்ணின் விடுதலையே அதற்குரிய முதற்காரணம் என்று வாதிட்டார். அத்தகைய சிந்தனை மரபுடைய மண்ணில் இந்த நிலை நீடிப்பது வருந்தத்தக்கது.

முடிவு

மருத்துவச் சான்றுகளின் எடையைப் பார்த்தால், புரோஜெஸ்டின் மாத்திரைக்குச் சீட்டு தேவை என்று சொல்வதற்கு இனிப் போதிய காரணம் இல்லை. கூட்டு மாத்திரைக்கு, இரத்த அழுத்தத்தை அளந்து பார்ப்பதும் தெளிவான வினாப்பட்டியலும் உள்ள ஏற்பாடு போதுமா என்பது ஆராயத்தக்க கேள்வியாக இருக்கிறது. சீட்டை நீக்குவதையும் காப்பீட்டைக் காப்பதையும் ஒன்றுக்கொன்று மாற்றாக நிறுத்தி, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று பெண்ணிடம் சொன்னதே அமெரிக்க அரசியல் செய்த பெரும் பிழை. சீட்டு வேண்டாம் என்ற அணி விலையை மறந்தது. விலையைப் பேசிய அணி, சீட்டே எட்டாத பெண்ணைச் சில காலம் மறந்தது. கடையில் மாத்திரை இருக்க வேண்டும், அதை வாங்கும் விலை கைக்கு எட்ட வேண்டும், வாங்குபவரை எவரும் விசாரணைக் கண்ணோடு பார்க்காதிருக்க வேண்டும் என்னும் மூன்றும் ஒருங்கே நிறைவேறும்போதுதான் சீட்டில்லா விற்பனை என்பது உரிமையாகும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும், சட்டம் அளித்த உரிமை பெண்ணின் கைக்கு வந்து சேராது.